எங்கள் கணக்கில் விழுந்த பூசணிக்காய்ப் பணம்

என் கணவர் ரிட்டயர் ஆன மாதமே வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனிமேல் குடும்பத்துக்கு ஒரே பாங்க் கணக்குதான். இருவர் பேரிலும் ஜாயின்ட். அவருடைய பென்ஷன், என்னுடைய பென்ஷன் இரண்டும் அதில் விழும். கரன்ட் பில், இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் அதிலிருந்து தானாகவே போய்விடும். பள்ளிக்கூடத்தில் முதல் சம்பளம் வாங்கிய காலத்திலிருந்து எனக்கென்று இருந்த கணக்கை மூடச் சொன்னார். புருஷன் பெண்டாட்டிக்குள் தனிக் கணக்கு அசிங்கம் என்றார். ஒரு தொழிற்சாலையின் அக்கவுன்ட்ஸ் ஆபீசில் ஆயுள் முழுக்க உட்கார்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் மூடினேன். அவ்வளவு காலம் உட்கார்ந்தால் நாற்காலி தேயுமே தவிர வேறொன்றும் ஆகாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் வைப்பதில் என்ன கெடுதல் என்று விளக்க நான் பொருளாதார மேதை இல்லை. வீட்டுச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, அந்த வளையத்தைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவர்களுக்குத் தானே புரியும். மேடவாக்கத்தில் இருக்கும் எங்கள் மகள் ஒருமுறை இதைச் சொல்லிப் பார்த்தாள். செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு, வெளி ஆட்களிடம் பணம் வாங்கக் காசு அதிகம் இல்லாத ஒரு கணக்கு என்று பிரித்து வைக்கச் சொன்னாள். அவளுக்கு ஐ.டி. கம்பெனியில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், நமக்கு எதற்கு அந்த பேஜார் என்று இவர் முடித்துவிட்டார்.

அந்த வருஷம் என் வலது முட்டி என்னைக் கைவிட்டது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் எல்லோரும் கைவீசி நடக்கிற நேரத்தில் நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர் முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றார். இன்ஷூரன்ஸ் ஒரு பங்கு கொடுக்கும், மிச்சம் நாங்கள் போட வேண்டும். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தை இதற்கென்றே ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைத்திருந்தேன். அது முதிர்ந்து அந்த ஒரே கணக்கில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அட்வான்ஸ் மட்டும் கட்ட வேண்டியிருந்தது. அதற்குள் எங்கள் சர்ச் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது.

அறுப்பு என்று பெயர்தான். எங்கள் சபையில் யாரும் எதையும் விதைத்ததும் இல்லை, அறுத்ததும் இல்லை. முந்தின நாள் தாம்பரம் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய வாழைத்தாரையும் பூசணிக்காயையும் பீடத்துக்கு முன்னால் அடுக்கிவைத்து, விளைச்சலுக்காக நன்றி சொல்வோம். ஆராதனை முடிந்ததும் ஷாமியானாவுக்குக் கீழே ஏலம். ஒரே முட்டையை ஒருவர் ஏலத்தில் எடுப்பார், எடுத்த கையோடு சபைக்கே திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். முட்டைக்குத்தான் பாவம் தலை சுற்றும். யார் எவ்வளவு கேட்டார் என்பது அடுத்த பண்டிகை வரைக்கும் பேசப்படும்.

என் கணவர் அப்போது சபையின் பொருளாளர். அதைவிடப் பெரிய பதவி இந்தியாவில் கிடையாது என்பது மாதிரி நடந்துகொள்வார். புதுக் கமிட்டி வந்திருந்த சமயம் அது. பழைய கமிட்டியோ பாங்கில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றிக் கொடுக்காமல் இழுத்தடித்தது. பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆனால் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் சபைக் கணக்கில் செக் போடலாம், ஆனால் கியூஆர் அட்டை வாங்க முடியவில்லை. ஏலம் எடுப்பவர்கள் எல்லோரும் போனிலேயே பணம் அனுப்புகிற காலம். என்ன செய்வது என்று கமிட்டி கையைப் பிசைந்தது. இவர் எழுந்து, நம் வீட்டு கியூஆரையே வைத்துவிடலாம், வந்ததைக் கூட்டி செக்காகச் சபைக்குப் போட்டுவிடுகிறேன் என்றாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

அது என் பென்ஷன் விழுகிற கணக்கு, என் முட்டிப் பணம் இருக்கிற கணக்கு, அதைக் கொண்டுபோய் ஊர் பூராவும் பார்க்க வாழை மரத்தில் கட்டுவீர்களா என்று கேட்டேன். பணம் உள்ளேதானே வருகிறது, வெளியே போகவில்லையே, அதில் என்ன ஆபத்து என்று சிரித்தார். அக்கவுன்ட்ஸ் ஆபீசின் ஞானம் அவ்வளவுதான். அட்டை வாழை மரத்தில் தொங்கியது.

அன்றைக்கு ஏலம் போட்டவர் சபையின் செக்ரட்டரி. மேடவாக்கம் பக்கம் தண்ணி லாரிகள் ஓட்டுபவர். தண்ணீரையே நல்ல விலைக்கு விற்கத் தெரிந்தவருக்குப் பூசணிக்காய் ஒரு பொருட்டா? பெரிதாக ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் காட்டி விலையை ஏற்றிக்கொண்டே போனார். முன்பெஞ்சிலிருந்து ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபிளாட் வாங்கி விற்கும் புரோக்கர், சபைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கடைசியில் ஒரு நல்ல வாஷிங் மெஷினின் விலைக்கு அந்தப் பூசணிக்காய் அவருக்குப் போனது. போனை எடுத்தார், வாழை மரத்துக்குக் காட்டினார், பணம் வந்துவிட்டது. பூசணிக்காயையும் சபைக்கே கொடுத்துவிட்டார். ஆயர் தனியாகப் பெயர் சொல்லி அவருக்காக ஜெபித்தார். என் கணவர் அடுத்த நாளே மொத்தத்தையும் கூட்டி, ஒரு ரூபாய் குறையாமல் சபைக் கணக்கில் செக் போட்டார். நேர்மையில் குறை சொல்ல முடியாது. புத்தியில்தான் குறை.

கொஞ்ச நாள் கழித்து மருந்துக் கடையில் என் கால்சியம் மாத்திரைக்கு இவர் போனை நீட்டினார். போகவில்லை. டெபிட் கார்டைக் கொடுத்தார். அதுவும் போகவில்லை. சர்வர் டவுன் என்று கடைக்காரருக்கு அறிவித்துவிட்டு என் பர்ஸிலிருந்து நோட்டை எடுத்தார். மறுநாள் பெட்ரோல் பங்கில் போகவில்லை, அங்கேயும் சர்வர் டவுன். அதற்கடுத்த நாள் கரன்ட் பில் திரும்பியது, இன்ஷூரன்ஸ் திரும்பியது, கிரெடிட் கார்டுக்குப் போக வேண்டிய பணம் திரும்பியது. போன் பூராவும் மெசேஜ். எத்தனை சர்வர்தான் டவுன் ஆகும் என்று கேட்டு, ஆட்டோ பிடித்து அவரை மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் பாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெண் ஆபீசர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் கணக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். பணம் உள்ளே வரலாம், ஆனால் ஒரு பைசா வெளியே போகக் கூடாது. வேறு மாநிலத்துப் போலீஸிடமிருந்து வந்த உத்தரவு. ஒரு குறிப்பிட்ட தொகையைக் காட்டி, இதை அனுப்பியவர் யார் என்று தெரியுமா மேடம் என்று கேட்டாள். தொகையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியும்மா. பூசணிக்காய்."

அவள் என் கணவரைப் பார்த்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிற பார்வை. இவர் தலையைக் குனிந்துகொண்டார், நான்தான் வாழை மரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னது இதுதான். வடக்கே எங்கோ ஒரு ரிட்டயர்டு பெரியவரை யாரோ போனில் மிரட்டி அவருடைய சேமிப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் கை மாறிக் கை மாறி நம் புரோக்கரிடம் வந்திருக்கிறது, அவரிடமிருந்து எங்களிடம். பணம் போன வழியெல்லாம் போலீஸ் பூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வந்தது எங்கள் கணக்குக்கு என்பதால் எங்கள் கணக்கு பூட்டு. புரோக்கருக்கு அங்கிருந்தே போன் போட்டோம், ஸ்விட்ச் ஆஃப். அவரும் ஏமாந்தவரா, இல்லை ஏமாற்றியவர்களில் ஒருவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்பெஞ்சு அதற்குப் பிறகு காலியாகத்தான் இருந்தது.

பாங்கின் அழகையும் சொல்ல வேண்டும். கணக்கைப் பூட்டியதை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் பூட்டிய கணக்கிலிருந்து பில் போகாததற்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அபராதம் எழுதிவைத்திருந்தார்கள். கதவைச் சாத்தியது அவர்கள், ஏன் வெளியே வரவில்லை என்று தண்டம் போட்டதும் அவர்கள். கிரெடிட் கார்டுக்காரர்கள் தங்கள் பங்குக்குத் தாமதக் கட்டணமும் அதற்குமேல் வட்டியும் போட்டார்கள். இவ்வளவுக்கும் மேல் என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுத்து ஆஸ்பத்திரி அட்வான்ஸைக் கட்டிவிடலாமாம். அந்தக் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நொடியிலிருந்து வட்டி ஓடும், எடுத்ததற்கே தனிக் கட்டணமும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய எனக்குத் தெரிகிறது, கணக்குப் பார்த்தே பிழைத்தவருக்குத் தெரியவில்லை. கார்டைப் பிடுங்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன்.

எல்லாவற்றையும் கிண்டல் பண்ணினேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பெண் ஒருத்தி போன் பண்ணி அட்வான்ஸ் எப்போது கட்டுவீர்கள் என்று தேனாகக் கேட்பாள். கட்டாவிட்டால் அந்தத் தேதி வேறு யாருக்கோ போய்விடும். மகள் தான் கட்டுவதாகச் சொன்னாள். அவளுக்கு ஃபிளாட் லோன் கழுத்து வரைக்கும் இருக்கிறது. நான் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கண்ணுக்கு முன்னால் திரையில் தெரிகிறது, தொட முடியவில்லை, இதற்காக மகளிடம் கை நீட்டுவதா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மகளுக்கு ஹிந்தி வரும். அவள்தான் அந்த மாநிலத்துப் போலீஸிடம் நாள் கணக்கில் பேசினாள். கடைசியில் ஒரு ஆபீசர் நியாயமாகப் பேசினாராம். இது சபை விழாவுக்கு வந்த பணம், சபைக்கே போய்விட்டது என்று சபை லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வேண்டும். அந்தத் தொகையை மட்டும் தனியே பிடித்து வைக்க நாங்கள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற பணத்தை விடச் சொல்லி பாங்குக்கு எழுதுகிறேன், பிடித்ததைக் கோர்ட் மூலம் அந்தப் பெரியவருக்குக் கொடுப்போம் என்றார். சரிதான். ஆனால் பிடித்து வைப்பது எங்கள் பணத்திலிருந்து, பூசணிக்காய்ப் பணம் இருப்பதோ சபைக் கணக்கில். ஆகவே கமிட்டியிடம் இரண்டு கேட்டோம். ஒரு கடிதம், அந்தத் தொகைக்கு ஒரு செக்.

கமிட்டி கூடியது. வடை, காப்பி வந்தது. கடிதம் கொடுத்தால் சபைக் கணக்கையும் பூட்டிவிடுவார்களே என்று ஒருவர் பயந்தார். பொருளாளர் தன் சொந்த இஷ்டத்தில் செய்தது, அதில் சபையின் பெயரை ஏன் இழுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அன்றைக்கு முதலில் கை தட்டியவர் அவர். பணத்தைப் பற்றிச் செக்ரட்டரி ஒரே வார்த்தையில் முடித்தார். பீடத்துக்கு வந்த காணிக்கையைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணி லாரிக்கு டீசல் போடக்கூட ரசீது கேட்கிற மனுஷர், அன்றைக்கு அப்படியொரு பக்தியோடு பேசினாராம். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வடையையும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் நானே முட்டியை இழுத்துக்கொண்டு செக்ரட்டரியின் வீட்டுக்குப் போனேன். உட்காரவைத்தார், மோர் கொடுத்தார். என் ஆபரேஷன் தேதியைச் சொன்னேன், அந்தப் பெரியவரைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கவலைப்படாதீங்க டீச்சர். நாங்க இதை ஜெபத்துல வெச்சிக்கிறோம்."

வீட்டுக்கு வந்தால் இவர் விட்டுவிடலாம் என்கிறார். அந்தத் தொகை நம்மோடு போகட்டும், சபையைப் பகைத்துக்கொள்ள வேண்டாமாம். கடிதம் இல்லாமல் கணக்கே திறக்காது என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மறுபடி சொன்னேன். ஆண்களுக்குப் பெண்டாட்டியின் முட்டி வலியைத் தாங்குகிற சக்தி நிறைய உண்டு. நாலு பேர் முகம் சுளிப்பதைத்தான் தாங்க முடியாது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பிறந்தநாள், வேலை, வியாதி என்று எதற்காவது ஜெபம் வேண்டுமென்றால் ஒரு தாளில் எழுதி காணிக்கைக் கவரில் வைத்துக் கொடுப்போம். ஆயர் அதைப் பிரசங்க மேடையில் ஒவ்வொன்றாகப் படிப்பார், கடைசியில் சபை ஆமென் சொல்லும். எங்கள் ஆயர் நல்லவர், ஆனால் எதையும் முன்கூட்டியே படித்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். கண்ணாடியையே மேடையில் ஏறித்தான் போடுவார். ஒரு தடவை ஒரு மாமியார் தன் மருமகள் மனந்திரும்ப வேண்டுமென்று எழுதிக் கொடுத்ததை அப்படியே உரக்கப் படித்தார். மருமகள் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு எல்லோரும் ஆயரைத் திட்டினார்கள். நான் மட்டும் அந்தப் பழக்கம் எப்போதாவது உதவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபத்தில் வைத்துக்கொள்வதாகச் செக்ரட்டரியே சொல்லிவிட்டார். நான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கவரை நானே என் கையால் கொடுத்தேன், இவரிடம் சொல்லவில்லை. ஆயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பிறந்தநாளைப் படித்தார், ஒரு விசா நேர்முகத்தைப் படித்தார், அப்புறம் என் தாளைப் பிரித்தார்.

"அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய்க்கு வந்த பணம், வேறு மாநிலத்தில் ஒரு பெரியவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் என்று போலீஸ் சொல்கிறது. அந்தப் பணம் நம் சபைக் கணக்கில் இருக்கிறது. அதை உரியவரிடம் சேர்க்கவும், அதற்கான கடிதத்தைக் கொடுக்கவும் நம் கமிட்டியாருக்கு ஆண்டவர் நல்ல மனதைத் தரும்படி."

பாதியிலேயே ஆயருக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கியது, ஆனால் நிறுத்தவும் தெரியவில்லை. படித்து முடித்துத் தாளை மடித்தார். அப்புறம் எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் ஆமென் என்றாள். அவ்வளவுதான், பழக்கதோஷம், சபை முழுக்கச் சொல்லிவிட்டது. செக்ரட்டரியின் வாயும் அசைந்ததை நான் பார்த்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கூட்டம் என்னிடம் வரவில்லை, கமிட்டியிடம் போனது. எந்தப் பணம், எந்தப் பெரியவர், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பழைய கமிட்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். திடீரென்று அவர்களுக்கு என் முட்டிமேல் அப்படியொரு அக்கறை. அவர்களும் யோக்கியர்கள் இல்லை, கையெழுத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் சபைக்கே ஒரு கியூஆர் அட்டை கிடைத்திருக்கும். யாருடைய அக்கறை எப்படியிருந்தால் எனக்கென்ன, அந்த வாரமே கடிதமும் வந்தது, பழைய கமிட்டிக்காரர்களே கையெழுத்துப் போட்ட செக்கும் வந்தது. பீடத்துக்கு வந்ததைத் திரும்ப எடுக்க முடியும் என்பது அப்படித்தான் தெரிந்தது.

கணக்கு திறப்பதற்குள் ஆபரேஷன் தேதி போய்விட்டது. அடுத்த தேதிக்கு வெகுநாள் காத்திருந்தேன். தாமதக் கட்டணத்தில் ஒரு பகுதியை மகள் சண்டை போட்டுத் திருப்பி வாங்கினாள், பாங்க் போட்ட அபராதம் போனது போனதுதான். இவர் பொருளாளர் பதவியை விட்டுவிட்டார். அந்தத் தாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பணம் வெளியே வந்த பிறகு நான் வேறொரு பாங்கில் கணக்கு ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். கவுன்டரில் இருந்த பையன் ஜாயின்டா, சிங்கிளா என்று எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டான். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று ஆட்டோவில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்.

"அவங்க பேர்ல மட்டும் போடுங்க தம்பி."

கார்டு வந்ததும் பாங்க் வாசலில் இருந்த ஏ.டி.எம்.முக்குப் போனோம். புது ரகசிய நம்பர் போட வேண்டும். ஊரில் ஏ.டி.எம். வந்த நாளிலிருந்து அதில் நம்பரை அழுத்துவது அவர்தான், நான் பக்கத்தில் நின்று பணத்தை எண்ணுவேன். அன்றைக்கு என் கைப்பையை வாங்கிக்கொண்டு, நான் ஒன்றும் சொல்லாமலே, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்கள் தெரியவில்லை, முதல் தடவை தப்பாக அழுத்தினேன். முடிந்ததா என்று அவர் கேட்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவை சரியாகப் போடுகிற வரைக்கும் தாம்பரம் பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.